ஒரு தீவும் இரு நோய்களும்: கட்டிளமைப்பருவப் போதைப்பழக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நியூயோர்க் நகரின் கிழக்கு நதியிலே நோர்த் பிரதர் எனும் சிறு தீவொன்று உளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தொற்றுநோயாளரை நகரமக்களிடமிருந்து பிரித்து வைத்தற்பொருட்டு அங்கு றிவர்சைட் வைத்தியசாலை அமைக்கப்பட்டது. நெருப்புக்காய்ச்சற் கிருமியைத் தம்முடலிற் காவித் திரிந்தவரெனப் பெயர்பெற்ற மேரி மலன் என்பார் பல்லாண்டுகள் அங்கே தடுத்து வைக்கப்பட்டு, 1938இல் மரணமானார். அத்தீவே 1952இல் ஹெரோயினுக்கு அடிமையான கட்டிளமைப்பருவத்தினருக்குரிய வைத்தியசாலையாயிற்று. போதைப்பழக்கத்தையும் விலக்கி வைக்கவேண்டிய ஒரு தொற்றெனவே சமூகம் கருதியமைக்கு இஃதோர் அடையாளம் எனலாம்.

ஐக்கிய அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டின் ஹரிசன் சட்டத்தின் பின்னர், போதைக்கு அடிமையானவர் நோயாளராகவன்றிக் குற்றவாளிகளாகவே பெரிதும் நோக்கப்பட்டனர். 1935இல் கென்ரக்கி மாநிலத்து லெக்சிங்ரனில் நிறுவப்பட்ட வைத்தியசாலையும் சிறைச்சாலையின் இயல்பைக் கொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போரின் பின் நியூயோர்க்கின் வறிய பகுதிகளில் இளைஞரிடையே ஹெரோயின் பரவவே, அவர்கட்கெனத் தனி நிலையம் வேண்டப்பட்டது. றிவர்சைட்டில் உளமருத்துவமும் பாடசாலைக் கல்வியும் வழங்கப்பட்டன. நோக்கம் உயர்ந்ததே. ஆயின் பயன் யாது?

1955இல் அங்கு அனுமதிக்கப்பட்ட 247 பேரின் பிற்கால நிலையைக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபொழுது, மிகப் பெரும்பாலோர் மீண்டும் போதைப்பொருளை நாடியிருந்தமை தெரியவந்தது. சிலர் இறந்திருந்தனர். 1963இல் வைத்தியசாலை மூடப்பட்டது. தீவில் உடல் தெளிந்த இளைஞன், தன் துயரோடு பழைய தெருவுக்கே திரும்பினான். அங்கு அவனைத் தொடர்ந்து பராமரிப்பார் அரியர்.

அத்துயரின் தன்மையை அறிஞர் சிலர் அக்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். ஜெராட், கோர்னெற்ஸ்கி ஆகியோர் 1950களில் லெக்சிங்ரனில் இருந்த இளம் அடிமையாளரை, ஒத்த சூழலில் வளர்ந்தும் அடிமையாகாத இளைஞரோடு ஒப்பிட்டனர். முன்னையோரிடம் உளக்கோளாறு மிகுதியாகக் காணப்பட்டது. தெரு ஒன்றாயினும் விளைவு ஒன்றன்று என்பது இங்குக் கவனிக்கற்பாலது.

எனினும் நிறுவனங்கள் வேறு திசையிற் சென்றன. உளநலத்திற்கென 1949இலும், மதுப்பழக்கத்திற்கென 1970இலும், போதைப்பொருட் பழக்கத்திற்கென 1974இலும் தனித்தனித் தேசிய நிறுவனங்கள் தோன்றின. நிதியும் பயிற்சியும் பிரிந்தன. இதனால், போதையை விட்டபின் வருகவென உளநோய் நிலையமும், உளநோய் தீர்ந்தபின் வருகவெனப் போதை நிலையமும் கூறும் நிலை உருவாயிற்று. இரண்டும் ஒருங்கே உடையவனுக்கு இரு வாயில்களும் அடைபட்டன.

1985இல் கன்சியன் எனும் உளமருத்துவர், தாங்கொணா உளவேதனையைத் தணிக்கும் முயற்சியாகவே பலர் போதைப்பொருளை நாடுகின்றனர் என வாதித்தார். 1990இல் வெளியான பேராய்வொன்று, மது தவிர்ந்த போதைப்பொருட் கோளாறுடைய வளர்ந்தோருள் ஏறத்தாழ அரைவாசிப்பேர் வேறோர் உளநோயும் உடையர் எனக் காட்டிற்று. உளநோயே பெரும்பாலும் முந்தித் தோன்றுவதைப் பின்வந்த ஆய்வுகள் சுட்டின. மறுதலையாக, போதைப்பொருளும் உளநோயைத் தூண்டவும் வளர்க்கவும் வல்லது. ஆகவே ஒன்றைக் காரணமென்றும் மற்றதை விளைவென்றும் எல்லோர்க்கும் பொதுவாக வரையறுத்தல் இயலாது. இரண்டிற்கும் ஒரே குழுவினர் ஒருங்கே சிகிச்சை அளிக்கவேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றமை இதனாலேயே.

இன்று அத்தீவில் மனிதர் வாழ்வதில்லை. இடிந்த கட்டடங்களிடையே மரங்கள் வளர்ந்துள்ளன. ஆயின் அது எழுப்பிய வினா அழிந்துவிடவில்லை. ஓர் இளைஞனின் உடலிலிருந்து போதையை அகற்றுவதோடு நம் கடமை முடிவதாயின், அவன் எதனை மறக்கப் போதையை நாடினான் என்பதை நாம் கேட்டறிந்தவராகோம்.