பி.எம்.டபிள்யூ எக்ஸ்1

பி.எம்.டபிள்யூ எக்ஸ்1: ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2009 முதல் தயாரித்துவரும் சிறிய சொகுசு எஸ்யூவி. ஐந்து பேர் அமரலாம். இதுவரை மூன்று தலைமுறைகள் வந்துள்ளன. இந்தியாவில் விற்கும் பெட்ரோல், டீசல் எக்ஸ்1 கார்கள், செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 மார்ச்சில் தொடங்கப்பட்ட அந்நிறுவன ஆலையில் பாகங்கள் பொருத்தப்பட்டு வெளிவருகின்றன.

வகைப்பாடு

இதை எஸ்யூவி என்று அழைப்பதில் தயாரிப்பாளருக்கே உடன்பாடு இல்லை. 1999-இல் எக்ஸ்5 வந்த நாள்முதல் 'ஸ்போர்ட்ஸ் ஆக்டிவிட்டி வெஹிக்கிள்' என்ற தனிப் பெயரையே பி.எம்.டபிள்யூ பயன்படுத்துகிறது. தனிச் சட்டகத்தின்மேல் உடலை ஏற்றிய ஜீப் மரபு வண்டியல்ல இது, சாலையில் நன்றாக ஓடுவதற்கான உயரமான கார் என்பதே அதன் பொருள். எக்ஸ்1-க்கு இது முற்றிலும் பொருந்தும். முதல் தலைமுறையின் உயரம் 1,545 மி.மீ. அன்றைய 3 சீரிஸ் செடானைவிட ஒரு சாணுக்கும் குறைவாகவே உயர்ந்திருந்தது.

இந்திய வரிச் சட்டம் இதைவிட விசித்திரமான முடிவுக்கு வந்தது. ஜி.எஸ்.டி.யின் இழப்பீட்டு வரி நடைமுறையில் இருந்த காலத்தில், 1,500 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சின், 4,000 மி.மீ.க்கு மேற்பட்ட நீளம், குறைந்தது 170 மி.மீ. தரை இடைவெளி ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால்தான் ஒரு வண்டி எஸ்யூவி வரி வரம்புக்குள் வரும். மூன்றாம் தலைமுறை எக்ஸ்1-இன் பெட்ரோல் எஞ்சின் 1,499 சி.சி. ஆகவே அதற்கு 45 சதவீத வரி; அதே உடலில் 1,995 சி.சி. டீசல் எஞ்சின் இருந்தால் 50 சதவீதம். அருகருகே நிறுத்தினால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாத இரு கார்களில், சட்டப்படி ஒன்றுதான் எஸ்யூவி. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் ஒரே 40 சதவீதம்.

தலைமுறைகள்

2008-இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் மாதிரி வடிவமாகக் காட்டப்பட்ட எக்ஸ்1, அடுத்த ஆண்டே லைப்ஸிக் ஆலையில் உற்பத்திக்கு வந்தது. இ84 எனக் குறியிடப்பட்ட இந்த முதல் தலைமுறை, 3 சீரிஸ் டூரிங் காரின் அடித்தளத்தில் அமைந்தது. எஞ்சின் நெடுக்குவாட்டில், இயக்கம் பின்சக்கரங்களுக்கு, அல்லது எக்ஸ்டிரைவ் அமைப்பின் மூலம் நான்கு சக்கரங்களுக்கும். 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினுடன் 258 குதிரைத்திறன் தந்த எக்ஸ்டிரைவ்28ஐ இந்த வரிசையின் உச்சம். இந்த அளவு வண்டியில் அத்தகைய எஞ்சின் அரிது. ஸ்டியரிங்கின் கனமும் வளைவுகளில் கார் காட்டிய நிதானமும் ஓட்டுநர்களைக் கவர்ந்தன. 2010 டிசம்பரில் சுமார் 22 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் இந்தியாவுக்கு வந்தபோது, ஜெர்மன் சொகுசுக் கார் என்ற கனவு முதன்முறையாகப் பல தொழில்முனைவோரின் கைக்கெட்டியது. ஆடி க்யூ3 அதற்குப் பிறகுதான், 2012-இல் வந்தது.

ஆனால் குடும்பத்தோடு பயணம் செய்பவருக்கு இ84 ஒத்துவராத கார். முன்னும் பின்னுமான அச்சுகளுக்கு இடையே 2,760 மி.மீ. இருந்தும் பின்னிருக்கை நெருக்கடியாக இருந்தது. நெடுக்குவாட்டு எஞ்சின் முன்பகுதியின் நீளத்தை விழுங்கியது. பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டுக்காகத் தரை நடுவே ஒரு மேடு எழும்பியது. நடுவில் அமர்பவர் கால்களை அகட்டியே உட்கார வேண்டியிருந்தது.

2015-இல் வந்த இரண்டாம் தலைமுறை (எஃப்48) இதைத் தலைகீழாக்கியது. 'மினி' பிராண்டு கார்களோடு பகிர்ந்துகொண்ட புதிய அடித்தளம், எஞ்சின் குறுக்குவாட்டில், அடிப்படை இயக்கம் முன்சக்கரங்களுக்கு. அச்சு இடைத்தூரம் 2,670 மி.மீ. ஆகக் குறைந்தது, உள்ளிடமோ கூடியது. முன்னிருக்கை 36 மி.மீ., பின்னிருக்கை 64 மி.மீ. உயர்ந்தன; டிக்கி 420 லிட்டரிலிருந்து 505 லிட்டரானது. பின்சக்கர இயக்கமே பி.எம்.டபிள்யூவின் உயிர் என்று கருதிய பழைய அன்பர்கள் வருந்தினார்கள். அவர்களின் வருத்தம் ஓட்டுநர் இருக்கையோடு நின்றது. காரின் மற்ற நான்கு இருக்கைகளுக்கும் இந்த மாற்றம் நன்மையே செய்தது. இந்தியாவில் 2016 பிப்ரவரியில் 29.9 லட்சம் ரூபாயிலிருந்து விற்பனைக்கு வந்தது.

மூன்றாம் தலைமுறை (யு11) 2022-இல் அறிமுகமாகி, 2023 ஜனவரியில் 45.9 லட்சம் தொடக்க விலையில் இந்தியாவை அடைந்தது. நீளம் 4,500 மி.மீ. முந்தைய இரு தலைமுறைகளைப் போலவே இதுவும் யூரோ என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது.

வாங்குவோர் பார்க்க வேண்டியவை

மூன்றாம் தலைமுறையின் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 136 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர் தருகிறது; 2 லிட்டர் நான்கு சிலிண்டர் டீசல் 150 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். இரண்டிலும் ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். நகருக்குள் ஓட்டப் பெட்ரோல் போதும். சென்னை–மதுரை போன்ற நெடுவழியில் அடிக்கடி போகிறவர் டீசலைத்தான் எடுக்க வேண்டும். குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவிசை, லாரியை முந்தும்போது பெட்ரோலில் கிடைக்காது. டீசல் வண்டியின் டிக்கி 500 லிட்டர், பெட்ரோலில் 476.

ஏ.சி. குளிரைக் கூட்டக் குறைக்கத் தனிப் பொத்தான்கள் இல்லை, எல்லாம் தொடுதிரைக்குள் போய்விட்டன. ஓடும்போது கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கச் செய்யும் இந்த ஏற்பாடு இக்காரின் பெரிய குறை. முந்தைய தலைமுறைகளில் திரையை இயக்க இருந்த சுழல்குமிழும் நீக்கப்பட்டது. சோதனை ஓட்டத்தின்போது வீட்டில் முதியவர் இருந்தால் அவரையும் பின்னிருக்கையில் அமர்த்தி, மேடுபள்ளமான தெரு ஒன்றில் ஓட்டிப் பார்ப்பது நலம்.

ஷோரூம் விலையோடு கணக்கு முடிவதில்லை. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட தமிழ்நாட்டு வாழ்நாள் வரி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீதம். 50 லட்சம் ரூபாய்க் காருக்கு இதுமட்டும் 10 லட்சம்; காப்பீடு தனி.

மின்சார வடிவம்

நீட்டிய அச்சு இடைத்தூரம் (2,800 மி.மீ.) கொண்ட ஐஎக்ஸ்1, 2025 ஜனவரியில் 49 லட்சம் ரூபாய்க்கு வந்தது. இதுவும் செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள அதே ஆலையில் உருவாவது. 66.4 கிலோவாட் மணி மின்கலம், இந்தியச் சோதனை முறைப்படி 531 கி.மீ. தூரம். மின்வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமே என்பதால் பெட்ரோல் எக்ஸ்1-இன் விலையை இது நெருங்கி நிற்கிறது.