அரசனில்லா நாட்டில் அரசன் பெயர்

காரைதீவிலிருந்து அம்பாறைக்குச் செல்லும் பாதையில், இருமருங்கும் வயல் விரிந்து கிடக்கும் நடுவே அமைந்துள்ள பழம்பெரும் ஊர் சம்மாந்துறை. 'சம்மான்' என்னும் மரக்கலங்கள் வந்து தங்கிய துறையாதலின் இப்பெயர் வந்தது என்பது ஊரார் வழக்கு. இன்று இவ்வூரைக் காண்பவர்க்கு நெல்லும் வரம்பும் போடிமாரின் வாடிகளுமே கண்ணிற்படும். துறை என்ற சொல் மட்டும் பழைய கதையை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தத் துறையில் வந்திறங்கிய உப்பும் கருவாடும் துணியும் இவ்வூரோடு நின்றுவிடவில்லை. பொதிமாடுகளின் முதுகிலேறி, வெல்லச என்னும் மலையடிவாரப் பகுதியினூடாக ஊவாவுக்கும் கண்டிக்கும் அவை சென்றன. கமுகின் பாக்கும் ஏனைய மலைப் பொருள்களும் அதே வழியாகக் கடற்கரைக்கு இறங்கின. தவளம் என்று வழங்கிய இந்தப் பொதிமாட்டு வணிகம் பெரும்பாலும் முஸ்லிம்களின் கையிலேயே இருந்தது.

வணிகர்க்கும் கண்டி அரசனுக்கும் இடையே நிலவிய தொடர்பு வெறும் கொடுக்கல் வாங்கல் அன்று. 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் அவர்களுக்குப் புகலிடம் தந்தான் என்பதும், அவர்களுள் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பதும் வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டும் செய்திகள். இவற்றுக்கு ஆதாரம் குவெய்றோஸ் என்னும் போர்த்துக்கீசப் பாதிரியார் எழுதிய நூலாகும். அரசனுக்கு நெல் விளைவிப்பாரும் எல்லை காப்பாரும் வேண்டும். துரத்தப்பட்டார்க்கு நிலம் வேண்டும். இரு தேவைகளும் ஓரிடத்திற் சந்தித்தன. பின்னர்க் கண்டி அரசில் 'மடிகே பத்த' என்னும் போக்குவரத்துத் துறை முஸ்லிம்களின் பொதிமாடுகளைக் கொண்டே நடந்தது. அரண்மனை வைத்தியர்களாகவும் அவர்கள் விளங்கினர். 1760இல் கீர்த்தி சிறீ இராசசிங்கனைக் கொல்லப் பிரதானிகள் சிலர் சூழ்ச்சி செய்தபோது, அதனை அரசனுக்கு அறிவித்தவர் கோபால முதலி என்னும் முஸ்லிம் அவையினரே.

சுருங்கச் சொன்னால், கண்டி நாட்டு முஸ்லிமின் பாதுகாப்பு ஊர்த்தலைவனிடம் இருக்கவில்லை, அரசனிடமே இருந்தது. அந்த அரசன் இல்லாமற் போனால் என்ன ஆகும்? இவ்வினா 1815இல் எழுந்தது.

சிறீ விக்கிரம இராசசிங்கன் மதுரை நாயக்கர் வழியில் வந்தவன். 1739 தொடங்கிக் கண்டிச் சிங்காசனம் அவ்வழியினரிடமே இருந்தது. பிரதானிகளோடு அவன் பகைத்ததும், எஹலேபொலவின் மனைவி மக்களைக் கொல்வித்ததும் நேயர் பலரும் அறிந்தவை. 1815 பெப்ரவரியில் அவன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள் பிரித்தானியரும் பிரதானிகளும் உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டனர். நாயக்கர் குடும்பத்துக்கு இனி அரசுரிமை இல்லை என்று அது கூறியது. அதனோடு அமையவில்லை. அரசனின் உறவினராய் உள்ள ஆடவர் மட்டுமன்றி, உறவினர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரும் அரசாங்கத்தின் பகைவர் ஆவர். அவர்கள் கண்டி மாகாணங்களுள் நுழைந்தால் இராணுவச் சட்டத்தின்படி தண்டனை உண்டு என்றும் எழுதப்பட்டது. உறவினரென்று சொல்லிக்கொள்வோரைப் பற்றியும் முன்கூட்டியே சட்டம் செய்தவர்கள், அரசனை நாடுகடத்தலாம், அவன் பெயரை நாடுகடத்த இயலாது என்பதை ஓரளவு உணர்ந்திருந்தனர் போலும். மன்னன் வேலூருக்குக் கொண்டு செல்லப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான்.

உடன்படிக்கையின் மை காய்ந்து இரண்டரை ஆண்டுகள் ஆவதற்குள், வெல்லசக் காட்டில் வேடர் நடுவே ஒருவன் தோன்றினான். தன் பெயர் துரைசாமி என்றும், நாடுகடத்தப்பட்ட மன்னனின் உறவினன் என்றும் சொன்னான். உண்மையில் அவன் வில்பாவே என்னும் சிங்களவன். முன்னர்த் துறவியாய் இருந்தவன். நாயக்கர் அந்நியர் என்று காரணங் காட்டியே 1815இல் அவர்களைப் பிரதானிகள் தள்ளினர். 1817இலோ தன்னை நாயக்கன் என்று பொய் சொன்ன ஒருவனின் பின்னே நாடு திரண்டது. மக்கள் நாயக்கரை விரும்பினர் என்பது இதன் பொருளன்று. குடிகளுக்கும் பிரதானிகளுக்கும் நடுவே நின்று வழக்குத் தீர்க்க ஒரு மன்னன் வேண்டும் என்று அவர்கள் எண்ணினர். அம்மன்னன் எக்குலத்தான் என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்வியாகவே இருந்தது.

இக்கலகத்தின் முதற்பொறி சம்மாந்துறைப் பாதையின் மறுமுனையிலேயே விழுந்தது. வெல்லச முஸ்லிம்கள் அதுவரை திசாவையின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தனர். 1817இல் பிரித்தானியர், ஹஜ்ஜி மரிக்கார் என்பவரை அப்பகுதியின் மடிகே முகாந்திரமாக நியமித்து, முஸ்லிம்களை அவர் பொறுப்பில் வைத்தனர். அலுவலகத்தில் இருந்த வெள்ளையர்க்கு இது நிருவாக வசதிக்கான ஒரு நியமனம். பிரதானிகளுக்கோ இது தம் அதிகாரத்தினின்று ஒரு துண்டை வெட்டியெடுத்த செயல். தவளமும் அதன் வருவாயும் யார் கையில் என்ற கேள்வியும் அதனுள் அடங்கியிருந்தது. முன்னாளில் இத்தகைய நியமனத்தை அரசன் செய்திருந்தால் முணுமுணுப்போடு முடிந்திருக்கும். அந்நிய ஆட்சி செய்தபோது அது பகையாய் முளைத்தது.

துரைசாமி என்பவனைப் பற்றிய செய்தி பதுளைக்கு எட்டியதும், அங்கிருந்த உதவிப் பிரதிநிதி வில்சன், அவனைப் பிடித்துவருமாறு ஹஜ்ஜி மரிக்காரையும் முஸ்லிம்கள் சிலரையும் அனுப்பினார். மரிக்கார் பிடிபட்டார், கொல்லப்பட்டார். பின்னாலே சென்ற வில்சனும் 1817 செப்டெம்பரில் அம்பெய்து கொல்லப்பட்டார். ஒரு முஸ்லிம் வணிகத் தலைவர், ஓர் ஆங்கில அதிகாரி என்ற இவ்விரு மரணங்களோடு ஊவா வெல்லசக் கிளர்ச்சி வெளிப்பட்டது.

ஈண்டு ஒன்றைச் சிந்தித்தல் தகும். ஹஜ்ஜி மரிக்கார் மன்னனைக் காட்டிக்கொடுக்கப் போனவரா? அவர் பிடிக்கப் போனது மன்னனை அன்று; மன்னன் எனப் பொய்யுரைத்த ஒருவனை. ஆயினும் அவரை அனுப்பியவர்கள் உண்மை மன்னனை நாடுகடத்தியவர்கள். இருநூறு ஆண்டுகளாக அரசனுக்கு நேரே பணிசெய்து பழகிய ஒரு சமூகம், அரசனின் இருக்கையில் யார் அமர்ந்தாரோ அவருக்குப் பணிசெய்தது. அதற்கு அது கொடுத்த விலையும் பெரிது. இதனைத் துரோகம் என்பார் உளர், கடமை என்பார் உளர். அக்காலத்து வெல்லச முஸ்லிமுக்கு மூன்றாவது வழி ஒன்று திறந்திருந்ததா என்று எவரும் கேட்பதில்லை.

கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை மறுபுறம் சேர்ந்தார். சேரும்போது அரசாங்கம் தந்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டே சேர்ந்தார் என்பது அவர்தம் பெருமிதத்தைக் காட்டும். ஆனால் பிரதானிகள் யாவரும் அவ்வழிச் செல்லவில்லை. மொல்லிகொட பிரித்தானியர் பக்கமே நின்றார். அதனால் கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வழி அவர்களுக்கு அடைபடவில்லை. அரசுரிமையில் தாமே கண்வைத்திருந்த எஹலேபொல ஐயத்தின் பேரில் சிறைப்பட்டு, பின்னர் மொறீசியசுக்கு அனுப்பப்பட்டு அங்கே மாண்டார். ஈற்றில் கிளர்ச்சியாளருள்ளும் பிளவு நேர்ந்தது. துரைசாமி போலி என்பதை மடுகல்லே வெளிப்படுத்தி அவனைத் தொழுமரத்தில் மாட்டினார். எந்தப் பெயர் நாட்டைத் திரட்டியதோ அந்தப் பெயரே வெறுமை என்று தெரிந்தபின் நிற்பதற்கு நிலமில்லை. கெப்பெட்டிபொலவும் மடுகல்லேயும் 1818 நவம்பரில் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டனர்.

மட்டக்களப்பிலிருந்தும் படைகள் வெல்லசவுக்குள் ஏறின. வீடுகள் எரிந்தன, நெல்லும் மாடும் அழிந்தன, குளங்களும் வாய்க்கால்களும் பாழாயின. 'வெல்லச' என்றால் நூறாயிரம் வயல் என்பது பொருள். அப்பெயர் பூண்ட நிலம் காடாயிற்று. அந்நாளில் இலங்கையிலிருந்த மருத்துவர் ஜோன் டேவி, மாண்ட உள்நாட்டார் தொகை 10,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார். அதே 1818இல் ஆளுநர் பிரௌண்றிக், கண்டி மாகாண முஸ்லிம்களைப் பிரதானிகளின் அதிகாரத்தினின்று முற்றாக விலக்கி, அவர்களுள்ளிருந்தே தலைவர்களை அமைத்துப் பிரகடனம் செய்தார். விசுவாசத்துக்கு அளித்த பரிசு அது. அண்டை வீட்டார் இருவரை வெவ்வேறு வாயிலுக்குச் செல்லவைத்த பரிசும் அதுவே.

அரசன் பெயர் அத்துடன் ஓயவில்லை. 1848இல் நாய் வரி, துப்பாக்கி வரி, கடை வரி என்று வரிகள் வந்தன. தெருவேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உழைக்க வேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றும் சட்டம் வந்தது. யூலை மாதம் மக்கள் கண்டிக் கச்சேரியின் முன்னே திரண்டனர். கொழும்பிலும் கூட்டம் கூடித் தெருவில் நடந்தது. அவ்வாண்டு பெப்ரவரியிலேதான் பாரிசு நகர மக்கள் தெருவில் இறங்கித் தம் மன்னன் லூயி பிலிப்பை ஓட்டிவிட்டிருந்தனர். இங்கே நடந்ததோ நேர்மாறு. வரி வேண்டாம் என்று கூடிய மக்கள், யூலை முடியுமுன் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா என்பவனுக்கு முடிசூட்டினர். ஒரு நாட்டில் தெரு மன்னனை இறக்கியது. மற்றொரு நாட்டில் ஏற்றியது. பண்டா கசையடி பெற்று மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டான்; அவனோடு நின்ற புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். ஆளுநர் தொறிங்ரனும் பதவியிழந்து நாடு திரும்ப நேர்ந்தது.

1818இல் கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் என அறிவித்த பிரகடனம், 2016 டிசம்பரில் சனாதிபதியால் இரத்துச் செய்யப்பட்டது. கெப்பெட்டிபொலவின் மண்டையோடு எடின்பரோவுக்குக் கொண்டுபோகப்பட்டு, நாடு விடுதலை பெற்றபின் திரும்பி வந்து கண்டியில் நினைவுச் சின்னத்தின் கீழ் வைக்கப்பட்டுள்ளது. வில்பாவேயோ பத்தாண்டுக்கு மேல் ஒளிந்து வாழ்ந்து, பின்னர்ப் பிடிபட்டு, மரண தண்டனை விதிக்கப்பெற்று, மன்னிப்பும் பெற்றான். அவனைப் பிடிக்கப் போன ஹஜ்ஜி மரிக்கார் அதற்குள் வெல்லச மண்ணில் மக்கிப் போயிருந்தார்.