தொண்ணூறு ஆண்டுகள் நிலைத்த ஓர் எண்

உலகிலேயே மிகுந்த வெப்பம் பதிவான இடம் எது என்னும் வினாவிற்கு, நம்மில் பலர் பள்ளி நாள்களில் மனப்பாடம் செய்த விடை ஒன்று உண்டு. வட ஆப்பிரிக்காவில், லிபியா நாட்டிலுள்ள அசீசியா என்பதே அது. 1922ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் அங்கு 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று எனப் பொது அறிவு நூல்கள் கூறின. நாமும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றோம். இன்று அவ்விடை செல்லாது. 2012ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 13ஆம் நாள், சரியாகத் தொண்ணூறு ஆண்டுகள் நிறைவுற்ற வேளையில், உலக வானிலை அமைப்பு அந்தப் பதிவைத் தள்ளுபடி செய்தது. அவ்வெண் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நீங்கியது என்பதை அறிவது நமக்குப் பயன்தரும்.

அக்காலத்தில் லிபியா இத்தாலியின் ஆட்சியில் இருந்தது. தலைநகர் திரிப்போலிக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அசீசியாவில் இத்தாலியப் படையினரின் கோட்டை ஒன்று இருந்தது. அங்கேதான் வெப்பநிலை அளக்கப்பட்டது. அதற்குப் பயன்பட்ட வெப்பமானி, 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் சிக்ஸ் என்னும் ஆங்கிலேயர் வகுத்த முறையைச் சார்ந்தது. வளைந்த கண்ணாடிக் குழாயினுள் பாதரசம் ஏறும்போது சிறிய ஊசி ஒன்றை மேலே தள்ளிச் செல்லும். பாதரசம் இறங்கிய பின்னும் ஊசி அங்கேயே நிற்கும். ஊசியின் கீழ்முனை காட்டுவதே அன்றைய உச்ச வெப்பம். பழக்கமற்றவர் மேல்முனையைப் பார்த்து எழுதிவிட்டால், ஊசியின் நீளத்திற்கு ஈடாக ஏறத்தாழ 7 டிகிரி கூடிவிடும்.

அந்த எண்ணின்மீது ஐயம் கொள்ளக் காரணங்கள் இல்லாமல் இல்லை. சுற்றுப்புறத்து நிலையங்களின் அளவுகள் அதனோடு பொருந்தவில்லை. அதே அசீசியாவில் பின்னர் எடுக்கப்பட்ட அளவுகளும் ஒத்துப்போகவில்லை. எனினும் ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குப் பெயர்த்தெழுதப்பட்டு அது நிலைபெற்றுவிட்டது. அச்சில் வந்ததைக் கேள்வி கேட்பது யாருக்கும் எளிதன்று.

வானிலை வரலாற்று ஆய்வாளரான கிறிஸ்டோபர் பர்ட் என்னும் அமெரிக்கர் இந்தப் பதிவை ஐயுற்றோருள் ஒருவர். உலக வானிலை அமைப்பு பல நாட்டு வல்லுநர் குழு ஒன்றை அமைத்து ஆராய முற்பட்டது. லிபியாவின் வானிலைத் துறையைச் சார்ந்த காலித் எல் ஃபத்லி, 1922ஆம் ஆண்டின் மூல ஏட்டுப் பக்கத்தைத் தேடி எடுத்துக் குழுவிற்கு அளித்தார். ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, 2011ஆம் ஆண்டு லிபியாவில் புரட்சி வெடித்தது. தொடர்புகள் அறுந்தன. பல மாதங்கள் அவரைப்பற்றிய செய்தி எதுவும் வரவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே உடன் பணியாற்றியவர்கள் கலங்கினர். பின்னர் தொடர்பு மீண்டது, பணியும் தொடர்ந்தது.

அந்த ஒற்றைப் பக்கம் பலவற்றைச் சொல்லிற்று. செப்டம்பர் மாதத்தின் நடுவே கையெழுத்து மாறியிருந்தது. அளவுகள் உரிய கட்டத்தில் எழுதப்படாமல் வேறு கட்டத்தில் எழுதப்பட்டிருந்தன. புதிதாகப் பணியேற்ற, பயிற்சி குறைந்த ஒருவர் கருவியைத் தவறாகப் படித்திருக்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. கருவி நின்ற தரையும் பாலை மண்ணின் இயல்புக்கு மாறாகத் தார் போன்ற பரப்பாய் இருந்தது. இவற்றையெல்லாம் சீர்தூக்கி, அன்றைய வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரி மிகையாகக் குறிக்கப்பட்டது என அறிவித்தனர். அதன்பின் முதலிடம் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள டெத் வேலிக்கு, அதாவது சாவுப் பள்ளத்தாக்கிற்குச் சென்றது. அங்கு 1913ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் பதிவான அளவு 56.7 டிகிரி. அதையும் ஐயுறும் ஆய்வாளர்கள் உளர்.

ஐயத்தால் உண்மை ஒதுக்கப்படுவதும் உண்டு. 1996ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் ஒலிவியா என்னும் புயலின்போது, ஆளில்லா நிலையத்துக் கருவி ஒன்று மணிக்கு 408 கிலோமீட்டர் வேகக் காற்றைப் பதிவு செய்தது. அதுவரை உலகச் சாதனையாகக் கருதப்பட்டது, 1934ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில் வீசிய 372 கிலோமீட்டர் வேகக் காற்று. பாரோ தீவின் எண் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2010ஆம் ஆண்டுதான் அது ஏற்கப்பட்டது. ஆக, பிழை ஒன்று தொண்ணூறு ஆண்டுகள் அரியணையில் வீற்றிருக்க, மெய் ஒன்று பதினான்கு ஆண்டுகள் வாயிலில் காத்து நின்றது. பழைய ஏட்டைப் பொறுமையுடன் திறந்து பார்த்தவர்களே இரண்டையும் சரிசெய்தனர்.

எங்கோ ஒரு பாலைவனத்து எண்ணைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். 2020ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் அதே டெத் வேலியில் 54.4 டிகிரி பதிவாயிற்று. 58 என்னும் பொய் எண் மேலே நின்றிருந்தால், 'நூறாண்டுகளுக்கு முன்பே இதைவிடக் கொளுத்தியதே' என்று சொல்லி இதனை எளிதில் ஒதுக்கிவிடலாம். கடந்த காலத்தைப் பற்றிய பிழை, நிகழ்காலத்தின் வெப்பத்தை மறைக்கும் திரையாகிவிடும். வெயிலில் உழைக்கும் கூலித் தொழிலாளருக்கும், கூரைக்கொட்டகையில் படுத்திருக்கும் முதியவருக்கும் அத்திரையால் தீங்கே நேரும்.

அந்தக் கோட்டையில் ஏடு எழுதியவரை நாம் பழிக்க வேண்டியதில்லை. கற்றுக்கொடுப்பாரின்றித் தமக்கு இட்ட பணியைச் செய்தவர் அவர். மூலத்தைப் பாராமல் தொண்ணூறு ஆண்டுகள் பெயர்த்தெழுதியவர்களின் பொறுப்பே பெரிது. எல் ஃபத்லியோ தம் நாட்டிற்கு உலகப் புகழ் தந்த எண்ணைத் தாமே சோதனைக்கு உட்படுத்தினார். அந்தப் பக்கத்தை அவர் வெளியே எடுக்காமல் இருந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். உள்நாட்டுக் குழப்பத்திலும் அவர் அப்பணியைக் கைவிடவில்லை. லிபியா ஒரு சாதனையை இழந்தது. உலகம் நம்பத்தக்க ஓர் ஏட்டைப் பெற்றது. வீட்டிலும் ஊரிலும் கணக்கு எழுதும் பொறுப்பில் உள்ள நாம், நம் பிள்ளைகளுக்கு அசீசியாவின் பெயரை இனி இந்தக் கதையோடு சேர்த்தே சொல்லிக்கொடுப்போம்.