36, 23.4, 18

சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா கட்டியை எடுத்தபின் மூளை, தண்டுவடம் முழுக்கக் கதிர் வைப்பார்கள். முன்பு எல்லாக் குழந்தைக்கும் 36 கிரே. உயிர் பிழைக்கும், ஆனா படிப்பு ஏறாது. பிறகு பரவாத கட்டிக்கு 23.4 ஆனது.

2012ல், இது ஒரே நோயல்ல, மரபணுப்படி நான்கு என்று வகுத்தார்கள். அதில் 'விண்ட்' வகை கொஞ்சம் சாது. மும்பை டாடா மெமோரியலில் அந்தக் குழந்தைகளுக்குக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கதிர் வைத்துப் பார்த்தார்கள். துணிச்சல்தான். சிலருக்கு நோய் வேறிடத்தில் திரும்பவே, சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். அடுத்த சோதனையில் 18.

ஓசூரிலிருந்து பெங்களூரு கிட்வாய்க்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுபவர்களுக்கு இதில் ஒன்றும் குறையவில்லை. கட்டி இருந்த இடத்துக்கு எப்படியும் சுமார் 54 கிரே வேண்டும், தினம் 1.8 வீதம் 30 நாள்.