அல்லெக்ரியின் 'மிசெரேரே': ஏட்டு வடிவும் குரல் மரபும்

முன்னுரை

இசைக்கருவித் துணையின்றிப் பல குரல்கள் இணைந்து பாடும் விவிலியப் பாடல்களுள் கிரெகோரியோ அல்லெக்ரி இயற்றிய 'மிசெரேரே' பெரும்புகழ் பெற்றது. எழுதப்பட்டது ஒன்று, பாடப்பட்டது வேறொன்று என்னும் நிலை இதன் வரலாறு நெடுகிலும் காணப்படுகிறது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடலும் பாடும் முறையும்

விவிலியத்தின் 51ஆம் சங்கீதமே இதன் மூலமாகும். பத்சேபாள் பொருட்டுத் தாவீது மன்னன் இழைத்த குற்றத்தை நாத்தான் இடித்துரைத்த பின்னர், அம்மன்னன் இறைவனிடம் இரக்கம் வேண்டிப் பாடியது இது என அதன் தலைப்புரை கூறும். 1652இல் மறைந்த அல்லெக்ரி, உரோமில் போப்பாண்டவரின் பாடகர் குழுவில் பணியாற்றியவர். இப்பாடல் 1630களில் இயற்றப்பட்டதாகக் கருதப்படுகிறது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் புனித வாரத்தின்போது, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைக்கப்படும் வழிபாட்டின் இறுதியில் இது பாடப்பட்டது. ஐங்குரல் குழு ஒன்றும் நாற்குரல் குழு ஒன்றும் மாறிமாறிப் பாட, இடையிடையே ஒற்றை மெட்டில் ஓதுதல் அமையும். இறுதியில் ஒன்பது குரல்களும் ஒன்றுசேரும்.

ஏட்டில் அடங்காதவை

ஏட்டிலுள்ள இசை மிக எளியது. பாடகர்கள் வழிவழியாகக் கற்றுச் சேர்த்த அலங்காரச் சுரங்களே கேட்போரை உருகச் செய்தன. பேரரசர் முதலாம் லியோபோல்டு இதன் படியொன்றை வரவழைத்து வியன்னாவில் பாடுவித்தபோது, அது சுவையற்றிருக்கக் கண்டு, தமக்கு வேறு பாடலை அனுப்பிவிட்டனர் என ஐயுற்றதாகச் சார்லஸ் பர்னி பதிவு செய்துள்ளார்.

1770இல் பதினான்கு வயது மோட்சார்ட் இதனைச் செவிவழிக் கேட்டு எழுதினார் என்பதற்கு அவர் தந்தையின் கடிதம் சான்றாகிறது. அவ்வேட்டைப் படியெடுப்போர் திருச்சபையினின்று விலக்கப்படுவர் என்றும் அக்கடிதம் கூறுகிறது. எனினும் போப்பாண்டவர் அதே ஆண்டில் மோட்சார்ட்டுக்கு வீரப்பட்டம் அளித்துச் சிறப்பித்தார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பாடலின் ஆற்றலுக்கு அதன் அமைப்பைவிடப் பாடும் முறையே பெருங்காரணம் என்றும் தந்தையார் குறிப்பிட்டார். மோட்சார்ட் எழுதிய படி இன்று கிடைத்திலது. 1771இல் பர்னி இலண்டனில் வெளியிட்ட பதிப்பில் அலங்காரச் சுரங்கள் இடம்பெறவில்லை.

பிழையில் பிறந்த உச்சம்

இன்று இப்பாடலின் அடையாளமாகக் கருதப்படும் மிகவுயர்ந்த சுரம் அல்லெக்ரியுடையதன்று. மெண்டல்சோன் 1831இல் உயர்ந்த சுருதியில் கேட்டெழுதிய பகுதியொன்று, 1880ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த குரோவ் இசை அகராதிக் கட்டுரையில் பொருந்தா இடத்தில் இணைக்கப்பட்டது. 1951இல் ஐவர் அட்கின்ஸ் பதிப்பும் அதனை ஏற்றது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழுவின் 1963ஆம் ஆண்டு ஒலிப்பதிவால் அவ்வடிவமே உலகெங்கும் பரவியது.

முடிவுரை

குரல் மரபை நம்பி ஏட்டில் எழுதாது விட்டவை, அம்மரபு தளர்ந்தபோது மறைந்தன. பிழைபட எழுதப்பட்டது நிலைபெற்றது. எனவே பிற்காலப் பதிப்பொன்றை மட்டுங்கொண்டு ஒரு பாடலின் தொல்வடிவை அறுதியிடல் பொருந்தாது. ஆயினும் அப்பிழைச் சுரத்தைக் கேட்டு நெஞ்சம் நெகிழ்ந்தோர் பலர். அவர்தம் துய்ப்பினைப் பொய்யெனத் தள்ளுதல் இயலாது. இரண்டையும் வேறுபிரித்துப் பதிவு செய்வதே இசை வரலாற்றாசிரியரின் கடமையாகும்.