பிரித்துப் பூட்டிய அரண்மனை

சிரம்பான் நகரை ஒட்டிய லோபாக் வட்டாரத்திலிருந்து சிறிது தொலைவில் நெகிரி செம்பிலான் மாநில அரும்பொருளகம் உள்ளது. அதன் வளாகத்தில் நிற்கும் அம்பாங் திங்கி அரண்மனை அவ்விடத்தில் கட்டப்பட்டதன்று. 1860களில், யாம்துவான் ஊலின் காலத்தில், கோலா பிலா வட்டாரத்தில் எழுப்பப்பட்ட மாளிகை அது. 1950களில் அதனைப் பிரித்தெடுத்துச் சிரம்பானில் நிறுத்தினர். பின்னர் மறுபடியும் பிரித்து இன்றைய இடத்தில் பூட்டினர். அதன் அருகிலுள்ள பழைய மலாய் வீடோ கடல் கடந்து சென்று மீண்டது. 1924இல் இலண்டன் வெம்பிளியில் நடந்த பொருட்காட்சிக்குக் கப்பலேற்றப்பட்ட வீடு அது.

ஒரு கட்டடம் இவ்வாறு ஊர் விட்டு ஊர் போவது எங்ஙனம்? ஒரு மரத்தின் கழுந்தை மற்றொரு மரத்தின் துளையில் செருகி, மர ஆப்பு அடித்து இறுக்குவது அக்காலத் தச்சர் முறை. தூண், விட்டம், பலகை யாவும் முன்னரே அளந்து செதுக்கப்பட்டன. கட்டுமிடத்தில் நடந்தது பொருத்தும் வேலை மட்டுமே. 1902இல் தொடங்கி 1908இல் முடிந்த ஸ்ரீ மெனாந்தி அரண்மனை இக்கலையின் உச்சி எனலாம். 99 தூண்கள் தாங்கும் அம்மாளிகையில் இரும்பாணி இல்லை. இன்று உலகம் புதுமையென்று போற்றும் ‘பகுதி பகுதியாகச் செய்து பொருத்தும் கட்டுமானம்’ நெகிரி செம்பிலானில் நூறாண்டுக்கு முன்பே கைவரப்பெற்றிருந்தது.

உலகம் இம்முறையின் பக்கம் இப்பொழுது திரும்பியதற்குக் காரணம் கரியமில வாயு. சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுடவேண்டும். எரிபொருள் விடும் புகை ஒருபுறம் இருக்க, அக்கல்லே சிதைந்து கரியமில வாயுவை உமிழ்கின்றது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 100க்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டால் வருவது. மரத்தின் இயல்பு வேறு. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். மரம் அழியாத வரை அக்கரிமம் அதனுள்ளேயே அடைபட்டிருக்கும். அம்பாங் திங்கியின் தூண்கள் 150 ஆண்டுகளுக்கு மேலாக அதனைக் காத்து வருகின்றன.

தோட்டப்புறத்துத் தமிழர்க்கும் அளவொத்த கட்டுமானம் அறியாத ஒன்றன்று. லயம் என்பது ஒரே அளவு அறையை மீண்டும் மீண்டும் அடுக்கி நீட்டிய வரிசைதானே! ஆனால் அங்கே அளவை வகுத்தது துரைமார் செலவுக் கணக்கு, குடியிருப்போர் தேவையன்று. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1966இல்தான் வந்தது. ஒரே வார்ப்பு வீடு என்றதும் பழைய தோட்டத்து மக்கள் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. குறை முறையில் இல்லை. அதனைக் கையாண்ட நோக்கத்தில் இருந்தது.

விடுதலைக்குப் பின்னர் நகரங்களில் வீட்டுப் பஞ்சம் நேர்ந்தபோது அரசு தொழிற்சாலை முறையை நாடியது. டென்மார்க்கின் லார்சன் நீல்சன் முறையில், வார்த்த கற்காரைப் பலகைகளைக் கொண்டு, கோலாலம்பூர் பெக்கிலிலிங் அடுக்கு மாடிகள் 1964 முதல் எழுந்தன. ஏறத்தாழ 3,000 வீடுகள் சில ஆண்டுகளில் உருவாயின. அக்காலத்தில் அது அருஞ்செயலே. எனினும் பலகைகளைச் சேர்த்த மூட்டுகள் சிமெண்டுக் கலவையால் அடைக்கப்பட்டவை, அவிழ்க்க வழியில்லை. 2010களில் அம்மாடிகளை இடித்துத் தள்ளினர். ஐம்பதாண்டே வாழ்ந்த கட்டடம் கற்குவியலாயிற்று. அதைச் செய்ய வெளியிட்ட கரியமில வாயு வானத்திலேயே தங்கிற்று. அதனினும் நூறாண்டு மூத்த அரண்மனையோ மூன்றாம் இடத்தில் நிமிர்ந்து நிற்கின்றது!

தொழிற்சாலையில் வார்ப்பதால் நன்மை இல்லாமலில்லை. கழிவு குறையும்; வார்ப்புப் பலகைக்கென வெட்டி வீசும் மரம் மிஞ்சும்; வேலை விரையும். கட்டுமானத் தொழில்துறை மேம்பாட்டு வாரியம் இம்முறைக்கென 2003இல் ஒரு திட்டம் வகுத்தது. 2008இல் அரசாங்கக் கட்டடங்கள் 100க்குக் குறைந்தது 70 மதிப்பெண் பெறவேண்டும் என்று விதிக்கப்பட்டது. தாங்கும் அமைப்பு எத்தகையது, சுவர் எத்தகையது, அளவுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பவற்றை நோக்கி அம்மதிப்பெண் வழங்கப்படுகின்றது. பூட்டியதைப் பின்னர் பிரிக்க முடியுமா என்ற கேள்விக்கு அதில் மதிப்பெண் இல்லை.