அலையோரத்தில் மறுவாசிப்பு

1867ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் டென்னிசன், தென்மேற்குக் கடற்கரையிலுள்ள லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூருக்குச் சென்றார். 1685இல் மான்மத் கோமகன் மன்னருக்கு எதிராகப் படையுடன் வந்திறங்கிய ஊர் அது. அந்த இடத்தைக் காட்ட முன்வந்தோரிடம், கோமகனைப் பற்றிப் பேச வேண்டாம், லூயிசா மஸ்குரோவ் விழுந்த இடத்தைக் காட்டினால் போதும் என்று அவர் சொன்னதாகச் செய்தி வழங்குகிறது. லூயிசா உலகில் வாழ்ந்தவள் அல்லள். ஜேன் ஆஸ்டின் எழுதிய 'பெர்சுவேஷன்' நாவலில், அவ்வூர்த் துறைமுகச் சுவரின் படிகளிலிருந்து குதித்து விழும் இளம்பெண் அவள்.

கற்பனைப் பெண் ஒருத்தி விழுந்த இடம், வரலாற்றுக் கோமகன் வந்திறங்கிய இடத்தைவிடப் பெரிதாகத் தோன்ற வேண்டுமெனில், அந்நாவல் ஒருமுறை படித்து மூடி வைத்த நூலாக இருக்க இயலாது. மீண்டும் மீண்டும் படிக்கப்படும் நூலே செவ்வியல் நூலாக நிலைபெறுகிறது. மீண்டும் படிப்பதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, கைக்கெட்டும் விலையில் நூல். மற்றொன்று, பிறர்க்குக் கணக்குச் சொல்ல வேண்டாத பொழுது. இவ்விரண்டும் ஆங்கிலேய மக்களுக்குக் கிட்டிய வரலாற்றைப் பின்தொடர்ந்தால், அவ்வழி கோடைக்காலக் கடற்கரைக்கே கொண்டுசெல்வதைக் காணலாம்.

தொடக்கத்தில் கடல் மருந்தாகவே நாடப்பட்டது. 1750இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்னும் மருத்துவர், கடல்நீரால் தீரும் நோய்கள் குறித்து இலத்தீனில் நூலொன்று எழுதினார். 1783இல் வேல்ஸ் இளவரசர் பிரைட்டனுக்கு வரத் தொடங்கியதும், மீன்பிடி ஊர்கள் பல செல்வர்களின் உல்லாச ஊர்களாக மாறின. காலையில் கடலாடியோருக்கு மாலைப் பொழுதைக் கழிக்க ஒன்று வேண்டியிருந்தது. அத்தேவையால் எழுந்தவையே கடற்கரை ஊர்களின் வாடகை நூலகங்கள். நாவல்களோடு சிறு அணிகலன்களும் அங்கே விற்பனைக்கு இருந்தன. ஆஸ்டின் 1817இல் எழுதத் தொடங்கி, மரணத்தால் முற்றுப்பெறாது போன 'சாண்டிட்டன்' நாவலில் இத்தகைய நூலகமொன்று வருகிறது. ஊருக்கு எத்தனை பேர் வந்துள்ளனர் என்பதை அறிய, அந்நூலகத்தின் உறுப்பினர் பட்டியலைத்தான் அங்கே புரட்டிப் பார்க்கின்றனர்.

1851இல் சார்லஸ் டிக்கன்ஸ், தாம் கோடைக்காலங்கள் பலவற்றில் தங்கிய பிராட்ஸ்டெயர்ஸ் என்னும் ஊரை மனத்திற்கொண்டு எழுதிய கட்டுரையிலும் நூலகம் இடம்பெறுகிறது. அதன் பழைய கதைநூல்களின் ஓரங்களில் வாசகர்கள் பென்சிலால் குறிப்பெழுதியிருந்ததையும், ஒருவர் குறிப்பை மற்றவர் சாடியிருந்ததையும் அவர் நகைச்சுவையோடு வருணிக்கிறார். நகைப்புக்கிடமான அச்சண்டைகள் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. முன்பின் அறியாதோர் பலர், ஆண்டு பல கடந்தும், ஒரே பிரதியின் வழியே ஒருவரோடொருவர் உரையாடினர்.

ஆயினும் நூலைச் சொந்தமாக வைத்திருந்து விரும்பியபோதெல்லாம் படிக்கும் பேறு சிலருக்கே வாய்த்தது. அக்காலத்தில் புதிய நாவலொன்று மூன்று தொகுதிகளாக, 31 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில் விற்றது. ஆஸ்டினின் நாவல்களோ, அவர் மறைந்த சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தில் பதிப்பின்றிப் போயின. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1833இல் பென்ட்லி பதிப்பகம் தனது 6 ஷில்லிங் மறுபதிப்பு வரிசையில் அவற்றைச் சேர்த்தது. 1841இல் இலண்டனிலிருந்து பிரைட்டனுக்கு இரயில் ஓடத் தொடங்கியது. 1848இல் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் இலண்டன் யூஸ்டன் நிலையத்தில் புத்தகக் கடை திறந்தது. அடுத்த ஆண்டு ரூட்லெட்ஜ் பதிப்பகத்தின் 'இரயில்வே நூலகம்' வரிசை தோன்றி, 1 ஷில்லிங் விலையில் நாவல்களைப் பயணிகளின் கையில் சேர்த்தது. செல்வர் வீட்டு அலமாரியில் இருந்த நூல் எளியோரின் பயணப் பைக்குள் புகுந்தது.

நூல் வந்தது; பொழுது வரவேண்டியிருந்தது. இங்கே நினைக்கத்தக்கவர் சர் ஜான் லப்பக். வங்கியாளரும் அறிவியலாளருமான இவர், நாடாளுமன்றத்தில் முயன்று 1871இல் வங்கி விடுமுறைச் சட்டத்தை நிறைவேறச் செய்தார். ஆகஸ்டு மாத முதல் திங்கட்கிழமை விடுமுறை நாளாயிற்று. கடற்கரை ஊர்கள் மக்களால் நிறைந்தன. அந்நாளை 'புனித லப்பக் நாள்' என்று மக்கள் வேடிக்கையாக அழைத்தனர். இதே லப்பக்தான் 1886இல் இலண்டன் தொழிலாளர் கல்லூரியில் உரையாற்றி, படிக்கத்தக்க நூறு நூல்களின் புகழ்பெற்ற பட்டியலையும் வழங்கினார். 'டான் குவிக்ஸோட்', 'ராபின்சன் குரூசோ' முதலிய கதைகளும் அதில் இடம்பெற்றன. உழைப்போருக்கு ஓய்வு நாளைப் பெற்றுத் தந்தவரே அவ்வோய்வில் படிக்க நூல்களையும் எடுத்துரைத்தார். ஓய்வையும் நூலையும் அவர் வேறாகக் கருதவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விரு ஓடைகளும் மேலும் அகன்றன. 1935 ஜூலையில் ஆலன் லேன் 6 பென்ஸ் விலையில் பெங்குவின் நூல்கள் பத்தினை வெளியிட்டார். அவை அனைத்தும் மறுபதிப்புகளே. கடலோர மாவட்டமான டெவனில் அகதா கிறிஸ்டியைக் கண்டு திரும்புகையில், எக்ஸெட்டர் இரயில் நிலையத்தில் படிக்க நல்ல நூல் கிடைக்காமையால் இவ்வெண்ணம் தோன்றியது என்பது பதிப்புலகில் வழங்கும் செய்தி. 1938இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் பிறந்தது. கூலியை இழக்காமல் ஒரு வாரம் கடலைக் காணும் வாய்ப்பு, தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றிற்கு இதன் வழியே திறந்தது.

இவ்வாறு பெற்ற பொழுதில் மறுவாசிப்பு தரும் பயன் யாது? 'பெர்சுவேஷன்' நாவலே விடை கூறும். பிறர் அறிவுரைக்கு இணங்கித் தன் காதலனை மறுத்த ஆன் எலியட், எட்டாண்டுகளுக்குப் பின் அவனை மீண்டும் காண்கிறாள். கூட்டம் கலைந்துபோன நவம்பர் மாதத்தில் அவர்கள் லைம் நகர் செல்கின்றனர். துயருற்றுக் கவிதையிலேயே மூழ்கியிருக்கும் பென்விக் என்னும் கடற்படையினனுக்கு, உரைநடையும் படிக்குமாறு ஆன் அறிவுறுத்துவது அவ்வூரில்தான். முதன்முறை படிப்போரின் கண் லூயிசாவின் வீழ்ச்சியில் நிற்கும். மறுமுறை படிப்போர், யாவரும் கலங்கி நிற்கையில் செய்வன அறிந்து செயல்படும் ஆனையே காண்பர். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று கற்ற தமிழ் வாசகருக்கு, அவளது பேசாத் துயர் அயலாகத் தோன்றாது.

கதை மாறவில்லை, படிப்பவரின் வயது மாறியிருக்கிறது. இருபதில் காதற்கதையாகத் தெரிந்தது நாற்பதில் இழந்த ஆண்டுகளின் கதையாகத் தெரிகிறது. ஆனுக்குக் கிட்டிய இரண்டாம் வாய்ப்பினைப் போன்றதே வாசகருக்குக் கிட்டும் இரண்டாம் வாசிப்பும். அவ்வாய்ப்பு எல்லார்க்கும் உரியது என்பதை நிலைநாட்ட மலிவுப் பதிப்புகளும், இரயில் பாதைகளும், இரு சட்டங்களும் தேவைப்பட்டன. செவ்வியல் நூல்களை ஆக்கியோர் வரிசையில் எழுத்தாளரோடும் திறனாய்வாளரோடும், விடுமுறை நாளில் மணலில் அமர்ந்து பழைய நூலை மீண்டும் விரித்த பெயரறியா வாசகருக்கும் இடமுண்டு.